மானாமதுரை மண்தொட்டிகள்: சின்ன வாசலுக்குப் பெரிய தொட்டி

வாசலில் கொஞ்சம் இடம், கையில் ஐயாயிரம் ரூபாய். வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போகாமல், சற்று உட்கார்ந்து போக வேண்டும் என்ற ஆசை. இப்படி இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: செடிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைத் தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தத் தொட்டியும் மானாமதுரையில் சூளைக்குப் பக்கத்திலேயே வாங்கிய மண்தொட்டியாக இருக்கட்டும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அதனால் அழுத்தமாகவே சொல்ல முடிகிறது.

நான் மதுரை திருநகரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு துணி தைத்துக் கொடுக்கிறேன். முன்னறையில்தான் தையல் இயந்திரம். கேட்டிலிருந்து வீட்டுக் கதவு வரை 9 அடி நீளம், 7 அடி அகலத்தில் சிமெண்ட் தரை. அளவு கொடுக்க வருகிறவர்கள், தைத்ததை வாங்க வருகிறவர்கள், கூட வந்த குழந்தைகள் என்று எல்லாரும் காத்திருப்பது அங்கேதான். மேற்குப் பார்த்த வாசல் என்பதால் பிற்பகல் வெயில் தரையில் விழுந்து முகத்தில் அடிக்கும். குழிதோண்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் நிபந்தனை. ஆகவே, எது வைத்தாலும் வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகக் கூடியதாக இருக்க வேண்டும். தொட்டித் தோட்டத்தைத் தவிர வேறு வழியில்லை.

திருநகருக்குப் பக்கத்தில்தான் விளாச்சேரி. கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். தொட்டி என்றதும் பலரும் அங்கே போகச் சொன்னார்கள். ஆனால் விளாச்சேரிக்காரர்களின் கைத்திறன் பொம்மையில் இருக்கிறது. நாளெல்லாம் தண்ணீரும் எருவும் தாங்கி வெயிலில் நிற்க வேண்டிய பெரிய தொட்டிக்கு மானாமதுரைதான் என்று என் மாமியார் உறுதியாகச் சொன்னார். அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். சமைத்தது, தண்ணீர் வைத்தது எல்லாமே அந்த ஊர்ப் பாத்திரத்தில்தான்.

மானாமதுரை, மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, ராமேசுவரம் பயணிகள் ரயிலும் அங்கே நிற்கிறது. வழியில் திருப்புவனத்தை ஒட்டித்தான் கீழடி. நேரம் இருப்பவர்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். 2023-இல் திறந்தார்கள். வைகைக் கரையில் சுட்ட மண்ணில் எத்தனை விதமாகப் புழங்கியிருக்கிறார்கள், உறைகிணற்றுக்குக்கூட எப்படிச் சுட்ட உறைகளை அடுக்கியிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு மானாமதுரையில் இறங்கினால், தொட்டியைக் கையில் எடுக்கும்போதே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023-இல்தான்.

இந்த ஊர்க் கடம் கச்சேரி மேடைகளில் ஒலிப்பது எல்லாரும் அறிந்த செய்தி. கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்திருக்கிறது. தொட்டி வாங்கப் போன இடத்தில் கடத்தைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், நாதம் பார்த்து மண்பாண்டம் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அந்த ஊரில் தொட்டி வரைக்கும் வந்திருக்கிறது. நான் தொட்டி வாங்கிய வீட்டில் இருந்த பெரியவர் ஒவ்வொரு தொட்டியையும் இடது கையில் ஏந்தி, வலது கை விரலை மடக்கி வயிற்றுப் பகுதியில் தட்டிக் காட்டினார். நன்றாக வெந்தது 'கணீர்' என்கிறது. வேகாதது 'தொப்' என்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி உடைந்து கரகரக்கிறது. "சிரிக்கிற தொட்டியை எடுத்துக்கொள் தாயி, முனகுகிறதை விட்டுவிடு" என்றார். தொட்டி வாங்க இதைவிட நல்ல பாடம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

அவரிடம் கற்ற இன்னொன்று எங்கள் செலவைக் கணிசமாகக் குறைத்தது. சூளையில் அடுக்கும்போது எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு சூடு கிடைப்பதில்லை. நெருப்புக்கு மிக அருகில் இருந்தவை ஒரு பக்கம் கருகி, சில சமயம் வாய் சற்றே கோணி வெளிவரும். பார்வைக்கு அழகில்லை என்று கடைக்காரர்கள் அவற்றை எடுப்பதில்லை. ஆனால் அதிகச் சூடு பட்டதால் உறுதியில் அவைதான் மேல். அப்படிப்பட்டவை சூளைக்குப் பின்னால் தனியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கேட்டால் மட்டுமே காட்டுகிறார்கள். நல்ல நிறத்தில் இருந்த 14 அங்குலத் தொட்டி 300 ரூபாய். கருகல் பட்டது 220. கருகல் பட்டதில் நான்கு எடுத்தேன். கறுப்பும் சிவப்பும் கலந்த அந்த நிறம் வெள்ளைப் பூவுக்குப் பின்னணியாக எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று இப்போது பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். மாறாக, வெளிறிய ஆரஞ்சு நிறத்தில், கைபட்டால் தூள் ஒட்டுகிற தொட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வேகாத மண் அது. ஐப்பசி மழையில் விளிம்பு கரைந்துவிடும்.

10 அங்குலத்தில் ஆறு, 110 ரூபாய் வீதம். 6 அங்குலச் சிறு தொட்டிகள் எட்டு, 40 ரூபாய் வீதம். ஆகத் தொட்டிக்கு 1,860 ரூபாய். மதுரைக்கு வெறும் வண்டியாகத் திரும்பவிருந்த ஒரு சரக்கு ஆட்டோவை அந்த வீட்டார் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள், வாடகை 500. தொட்டிக்குள் தொட்டி வைத்து, நடுவில் வைக்கோல் திணித்துக் கட்டினார்கள். ஒன்றுகூட உடையவில்லை. பஸ்ஸில் கொண்டுவர நினைக்க வேண்டாம். சிறியவை வரும், பெரியவை வராது. இதே அளவு தொட்டிக்கு மதுரை நகருக்குள் ஒரு கடையில் இருமடங்கு விலை சொன்னார்கள். அக்கம்பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு ஒரே வண்டியில் எடுத்தால் வாடகையும் பங்காகும்.

பிளாஸ்டிக் தொட்டியும் வளர்ப்புப் பையும் இருக்கும்போது இத்தனை தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காய்கறி மட்டும் வேண்டும், மாடியில் வைக்கப் போகிறோம் என்றால் வளர்ப்புப் பை நல்லதுதான். எடை குறைவு, விலை குறைவு, கத்தரியும் தக்காளியும் தாராளமாகக் காய்க்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித் தோட்டத் தொகுப்பிலும் பையும் தென்னை நார்க்கழிவும்தான் இருக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசல் வேறு. வாசலில் பார்வை செடிக்குப் போகும் முன்னர் தொட்டிக்குத்தான் போகிறது. பத்து நிறப் பிளாஸ்டிக் தொட்டிகளில் பத்து நல்ல செடி இருந்தாலும் அந்த இடம் சாமான் அடுக்கிய இடமாகத்தான் தெரியும். எல்லாத் தொட்டியும் ஒரே மண், ஒரே நிறம் என்று ஆனதும், சாதாரண நித்தியகல்யாணிகூட யோசித்து வைத்ததாகத் தோன்றுகிறது. தரையோடும் சுவரோடும் மண் நிறம் இயல்பாகப் பொருந்திவிடுகிறது. வாடகை வீட்டின் வெளிறிய சுண்ணாம்பைக்கூட அது மன்னிக்க வைக்கிறது.

வேருக்கும் அதில் நன்மை இருக்கிறது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தண்ணீர் அவற்றின் வழியாகக் கசிந்து ஆவியாகும்போது தொட்டி குளிர்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். மேற்கு வெயில் படும் சிமெண்ட் தரையில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். உள்ளே இருக்கும் வேர் என்ன பாடுபடும்! மண்தொட்டியில் வேருக்குக் காற்றும் போகிறது, தண்ணீர் தேங்கி அழுகும் ஆபத்தும் குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, அதே துளைகளால் வருவது. கோடையில் சிறு தொட்டிகள் அரை நாளில் காய்ந்துவிடுகின்றன. சித்திரை, வைகாசியில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். ஊருக்குப் போகும் குடும்பங்கள் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால்தான் தலைப்பிலேயே பெரிய தொட்டி என்று எழுதினேன். 14 அங்குலத் தொட்டியில் மண் நிறைய இருப்பதால் ஈரம் நிற்கிறது. சிறு தொட்டி பத்து வாங்கும் பணத்தில் பெரியது இரண்டு வாங்குவது செடிக்கும் நல்லது, தண்ணீருக்கும் நல்லது, பார்வைக்கும் நல்லது. சின்ன இடத்துக்குச் சின்னத் தொட்டிதான் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சின்னச் சின்னதாக நிறைய வைத்தால்தான் இடம் நெருக்கடியாகத் தெரிகிறது.

இரண்டாவது, உப்பு. எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதையே ஊற்றினால் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடுகிறது, பழம்புளி தொட்டுத் தேய்த்தால் இன்னும் நன்றாகப் போகிறது. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கே ஊற்றினால் உப்பு ஏறுவது குறையும். உப்பு தெரியக் கூடாது என்று எனாமல் பெயிண்ட் அடித்த தொட்டிகளை வாங்க வேண்டாம். துளை அடைபட்டுவிட்டால் மண்தொட்டி வாங்கியதற்கே பயனில்லை. மூன்றாவது, எடை. மண் நிரப்பிய பெரிய தொட்டியை ஒருவராக நகர்த்த முடியாது. ஆகவே நிரப்பும் முன்பே இடத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். சிலவற்றில் ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கிறது. சுடுவதற்கு முன் சொன்னால் மூன்று துளை போட்டுத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் புதுத் தொட்டியை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஊற்றும் தண்ணீரை முதலில் தொட்டியே குடித்துவிடும். செடிக்கு மிஞ்சாது.

தட்டு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. தொட்டிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும், அது நல்ல தண்ணீரில் வளரும் கொசு. குழந்தைகள் வரும் வாசலில் அந்த ஆபத்து வேண்டாம். உடைந்த செங்கல் துண்டுகளை அடியில் வைத்துத் தொட்டியைச் சற்றுத் தூக்கி வைத்திருக்கிறேன். தண்ணீரும் வடிகிறது, தரையும் கறை பிடிக்கவில்லை, உரிமையாளரும் எதுவும் சொல்வதற்கில்லை.

மண் கலவைக்கு 880 ரூபாய் ஆனது. செம்மண் நான்கு மூட்டை 240, மண்புழு உரம் 25 கிலோ 350, தென்னை நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ 180, வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ 110. செம்மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி புண்ணாக்கு. நார்க்கழிவைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு முறையாவது அலசிப் பிழிந்துவிட்டே கலக்க வேண்டும், அதில் இயல்பாகவே உப்பு இருக்கும். பெரிய தொட்டிகளின் அடியில் தேங்காய் மட்டைத் துண்டுகளை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டேன். மண்ணும் குறைவாகச் செலவானது, மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கோடையில் கைகொடுத்தது. மட்டை எங்கள் தெரு இளநீர் வண்டிக்காரர் இலவசமாகவே கொடுத்தார்.

இனி செடி. என் கருத்தில், சின்னத் தோட்டத்தைக் கெடுப்பது ஆசைதான். நர்சரியில் கண்ணுக்குப் பட்டதை எல்லாம் ஒவ்வொன்று வாங்கிவந்தால் ஒன்றோடொன்று சேராது. வெள்ளையும் சிவப்பும் மட்டுமே என்று முடிவு செய்துகொண்டு போனேன். வெள்ளைக்குக் குண்டுமல்லி இரண்டு, நந்தியாவட்டை ஒன்று. சிவப்புக்குச் செம்பருத்தி ஒன்று, இட்லிப்பூ ஒன்று. பச்சைக்குக் கறிவேப்பிலை, மருக்கொழுந்து, துளசி. சுவரோரம் சிவப்பு நரம்போடிய குரோட்டன்ஸ் இரண்டு. எல்லாம் சேர்த்து 500 ரூபாய். மீதித் தொட்டிகளை நிரப்பியது காசு கொடுக்காமல் கிடைத்தவை: எதிர்வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த பட்டுரோஸ் குச்சிகள், மாமியார் ஊரிலிருந்து வந்த பிரண்டை, கல் இடுக்கில் தானாக முளைத்திருந்த வெள்ளை நித்தியகல்யாணி. பட்டுரோஸ் ஒரு விரல் நீளக் குச்சி போதும், மண்ணில் செருகினால் பிழைத்துக்கொள்ளும். நல்ல வெயிலில் பூக்கும். எங்கள் மேற்கு வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான செடி இல்லை.

அரளி வைக்கவில்லை. வெயில் தாங்கும், பூவும் அழகு, எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அதன் இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. அம்மா அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்கும் குழந்தை கைக்கு எட்டியதைப் பிய்த்து வாயில் வைக்கும்.

மல்லிகைப் பதியன் வாங்கும்போது தங்கச்சிமடத்து நாற்றா என்று கேட்டு வாங்கினேன். ராமேசுவரம் தீவின் மணலில் வேர்பிடித்த அந்த நாற்றுகள்தான் நம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களுக்கெல்லாம் போகின்றன. மதுரை மல்லி என்று 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவின் ஆரம்பமும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு கன்று 40 ரூபாய். அதற்குத் தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். மேற்கு வாசலில் உச்சிப்பொழுது முதல் சாயங்காலம் வரை கிடைத்துவிடுகிறது. கார்த்திகை மாதக் கடைசியில் கவாத்து செய்து, இலையை உருவிவிட்டு, மண்புழு உரம் கொடுத்தால், பங்குனியில் தொடங்கி ஆனி வரை மொட்டு வருகிறது. இரண்டு செடியிலிருந்து தலை நிறைய வைக்கும் அளவுக்குப் பூ கிடைக்காது, சாமி படத்துக்குப் போதும். வாசலுக்கு வேண்டியது வாசனைதானே, அது நிறையவே கிடைக்கிறது.

குரோட்டன்ஸ், இட்லிப்பூ போன்றவை ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து நம் ஊருக்கு லாரியில் வருகின்றன. கோதாவரிக் கரையின் பிசுபிசுப்பான களிமண் உருண்டையோடு வரும். அந்த உருண்டையை அப்படியே நம் செம்மண் கலவையில் வைத்தால், சுற்றிலும் ஈரம் இருக்கும், உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது. செடி வாடிக்கொண்டே போகும். வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, வேர் அறுபடாமல் வெளிப்புறக் களிமண்ணைக் கரைத்துவிட்டு நட வேண்டும். இதை நர்சரிப் பையனே எனக்குச் சொல்லிக்கொடுத்தான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி கட்டாயம் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால் கட்டுக்குள் இருக்கிறது.

வைத்த விதத்தைச் சொல்கிறேன். கேட்டிலிருந்து கதவு வரை இரண்டரை அடி வழியை முழுக்கக் காலியாக விட்டேன். ஒரு சிறு தொட்டிகூட அதற்குள் நுழையக் கூடாது. சேலைத் தலைப்பு செடியில் மாட்டாமல், பையோடு வருகிறவர் ஒதுங்கி நடக்காமல் நேராக வர முடிந்தால்தான் வரவேற்பாக இருக்கும். பெரிய தொட்டிகளில் மூன்று, சுவர் மூலையில் ஒன்றாகக் கூடி நிற்கின்றன. ஓரமாக வரிசையில் அணிவகுத்து வைத்தால் அலுவலக வாசல் மாதிரி ஆகிவிடும். மூலையில் பெரியது, முன்னால் நடுத்தரம், அதற்கும் முன்னால் சிறியது என்று வைத்து, சிலவற்றை மட்டும் செங்கல் மேல் ஏற்றிவிட்டால், பார்வை மேலும் கீழும் போய்வருகிறது, இடம் இருப்பதைவிட ஆழமாகத் தெரிகிறது. மல்லிகையைக் கேட்டருகே வைக்கச் சொல்வார்கள். நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கேட்டைத் தாண்ட ஒரு நொடி, உட்கார்ந்திருப்பதோ கால் மணி நேரம்.

அந்த உட்காரும் இடத்தைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பழைய மரக்கடையில் ஒரு பழைய கதவுப் பலகை, 5 அடி நீளம், 450 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஹாலோ பிளாக் கல், ஒன்று 40 ரூபாய். பலகையை மேலே வைத்தால் பெஞ்சு. ஆணி இல்லை, சிமெண்ட் இல்லை. வெட்டுத் துணியில் மிஞ்சியவற்றைச் சேர்த்து நானே ஒரு மெத்தை தைத்துப் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி அங்கே முன்பும் இருந்தது, யாரும் உட்காரவில்லை. பலகை வந்ததும் இரண்டு பேர், மூன்று பேராக உட்காருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் தனியாக இருக்கிறார், பலகையில் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார்.

சித்திரை, வைகாசிக்கு மட்டும் மேற்குப் பக்கம் பாதி வெயில் மறைக்கும் பச்சை நிழல்வலை, 3 மீட்டருக்கு 2 மீட்டர், 270 ரூபாய். கேட் கம்பியிலும் ஜன்னல் கம்பியிலும் கயிற்றால் கட்டி, மழைக்காலத்தில் அவிழ்த்து மடித்துவைத்துவிடுகிறேன். மல்லிகை அதற்குள் வராதபடி கட்ட வேண்டும். மொத்தக் கணக்கு 4,620 ரூபாய். ஐயாயிரத்தில் மிஞ்சிய 380-இல் ஒரு பூவாளியும் வேப்பெண்ணெயும் செங்காவிப் பொடியும் வாங்கினேன். வெள்ளிக்கிழமை கோலத்தைச் சுற்றிக் காவி இடும்போது தொட்டிகளின் அடிவரை ஒரு பட்டை இழுத்துவிடுகிறேன். தரையும் தொட்டியும் ஒரே நிறத்தில் சேர்ந்துகொள்கின்றன. விளக்கை மட்டும் மாற்றச் சொல்வேன்: வாசலில் எரிந்த வெள்ளை டியூப் லைட்டுக்குப் பதில், வீட்டில் கிடந்த மஞ்சள் ஒளி பல்பு. இருட்டிய பிறகு மண்தொட்டியின் சிவப்பு அந்த ஒளியில்தான் தெரிகிறது.

பட்டுப் புடவையோடு வந்து ரவிக்கை கேட்கும் மணப்பெண் வீட்டார் முதல், கிழிந்த பள்ளிச் சீருடையைக் கொண்டுவரும் சிறுவர்கள் வரை இப்போது காத்திருக்கும் நேரத்தை யாரும் குறை சொல்வதில்லை. மாமியார் மாலையில் கீரை ஆய்வது அந்தப் பலகையில்தான். கறிவேப்பிலை கேட்டு வருகிறவர்களும் அங்கே உட்கார்ந்துதான் போகிறார்கள்.

மானாமதுரைக்குப் போக நினைப்பவர்கள் தை முடிந்து ஆவணிக்குள் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் மண் காயாது, சூளை அடிக்கடி எரியாது. கிடைக்கிற நேரத்தையும் அகல்விளக்குக்கே கொடுப்பார்கள். மார்கழியில் பொங்கல் பானைக்கு. இளவேனிலிலும் கோயில் திருவிழாக்களை ஒட்டி முளைப்பாரி ஓடுகளும் அக்கினிச் சட்டிகளும் செய்துகொண்டிருப்பார்கள், ஆனாலும் தொட்டி இருப்பு இருக்கும். காலையிலேயே போனால் வெயிலுக்கு முன் நிதானமாகத் தட்டிப் பார்த்து எடுக்கலாம். போனதும் கருகல் பட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். விலையை அடித்துப் பேச வேண்டாம். கண்மாயில் மண் எடுப்பதிலிருந்து சூளைக்கு விறகு வாங்குவது வரை அவர்கள் படும் பாட்டுக்கு 220 ரூபாய் குறைவுதான். நான் அடுத்து 18 அங்குலத்தில் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன், பவழமல்லிக்கு. மூன்று துளையோடு, விளிம்பு தடிமனாக.